தோட்டத்துப் பாதைக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும்? உள்ளூராட்சி நிதி பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பிரதான வீதியில் பஸ் ஓரளவு சுகமாகப் போகும். அதிலிருந்து ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் ஆட்டோ திரும்பியதும் இடுப்பு கழன்றுவிடும். மலையும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதற்குத் திறைசேரிப் பணம் வருகிறது. தோட்டத்துப் பாதை தோட்டத்தை நடத்தும் கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "கம்பனிக்காரன் சபையைக் காட்டுறான், சபைக்காரன் கம்பனியைக் காட்டுறான், தம்பி" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை.

அரசாங்கம் நம் எல்லாரிடமும் வரி வாங்குகிறது. சம்பளம் குறைந்தவரும் கடையில் பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்து வரி கட்டிவிட்டுத்தான் வருகிறார். அந்தப் பணத்தில் எவ்வளவு, எந்த வழியாக, எப்போது நம் ஊர்ப் பாதைக்கும் வடிகானுக்கும் குடிநீருக்கும் திரும்பி வருகிறது? இதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்துக்கு வரும் பணம் போதாது என்பது உண்மை. அதைவிடப் பெரிய குறை, அது யாராவது கேட்டு, யாராவது மனம் வைத்து வரும் பணமாக இருப்பது. கேட்காமலே, விதிப்படி, ஆண்டுதோறும் வரும் பணமாக அது மாறவேண்டும்.

மூன்று படிகள்

இலங்கையில் ஆட்சி மூன்று படிகளில் இருக்கிறது. மேலே மத்திய அரசு. நடுவில், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த 9 மாகாண சபைகள். கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்ற உள்ளூராட்சி மன்றங்கள்; மொத்தம் 341. அவற்றில் 276 பிரதேச சபைகள்தான். மலையகத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கின்றன.

பிரதேச சபை என்ன செய்யவேண்டும்? உள்ளூர்ப் பாதைகள், வடிகான், குப்பை அகற்றுதல், சந்தை, மயானம், நூலகம், தெருவிளக்கு, சில இடங்களில் குடிநீர். அதாவது காலையில் எழுந்ததிலிருந்து நம் கண்ணிலும் காலிலும் படுகிற அத்தனையும். நாடாளுமன்றத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்த அளவுக்கு இந்தச் சபைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், 2025 மே மாதம்தான் மறுபடி வாக்களித்தோம். இடையில் இரண்டு ஆண்டுகள் உறுப்பினர்களே இல்லாமல் சபைகள் ஓடின. மாகாண சபைகளின் நிலை இன்னும் மோசம். 2014க்குப் பிறகு எந்த மாகாணத்திலும் தேர்தல் நடக்கவில்லை.

சபையின் பெட்டிக்குள் என்ன வருகிறது?

நாலு வழியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சபை தானே அறவிடுவது. வீடு, கடை, கட்டடங்களுக்குப் போடும் ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் கடை வாடகை இவையெல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, வேறொருவர் வசூலித்துச் சபைக்குக் கொடுப்பது. காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைக்கு வரும். மூன்றாவது, ஊழியர் சம்பளத்துக்காக மேலேயிருந்து வரும் மானியம். நாலாவது, திட்டப் பணம். அமைச்சு ஒதுக்கும் நிதி, நாடாளுமன்ற உறுப்பினருக்கென்று ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டு உதவி எல்லாம் இதில் சேரும். இதில் ஒரு பகுதி சபையின் கணக்குக்கு வராமலே, மாவட்டச் செயலகம் அல்லது பிரதேச செயலகம் வழியாக நேரே வேலைக்குப் போய்விடும். பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974இல் தொடங்கியது. அரை நூற்றாண்டாக, நம் ஊரில் ஒரு பாலம் வேண்டுமென்றால் யாரைப் பார்க்கவேண்டும் என்ற பழக்கத்தை உருவாக்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

இந்த நாலையும் ஒரு தோட்டப் பகுதிச் சபையில் வைத்துப் பாருங்கள். ஆதன வரியைப் பிரதேச சபை எல்லா இடத்திலும் போட முடியாது. கட்டடங்கள் செறிந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில்தான் போடலாம். அப்படியானால் நகரக் கடைத்தெரு மட்டும் மிஞ்சும். தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் அறைக்கு யாரிடம் வரி கேட்பது? அங்கே இருப்பவருக்குச் சுவரும் சொந்தமில்லை, தரையும் சொந்தமில்லை.

முத்திரைத் தீர்வை வேண்டுமென்றால் காணி விற்கவேண்டும், வாங்கவேண்டும். கொழும்பைச் சுற்றியுள்ள சபைகளுக்கு இது நல்ல வருமானம். தோட்டங்களிலோ நிலம் அரசுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகையானது. ஆயிரக்கணக்கான ஹெக்டயர் இருக்கும், அதில் ஒரு பேர்ச்சஸ்கூடக் கைமாறாது. ஆகவே அந்தக் கணக்கில் பூச்சியம். மக்களுக்குக் காணியுரிமை இல்லாததை நாம் மக்களின் கஷ்டமாக மட்டுமே பேசுகிறோம். அது சபையின் வருமானத்தையும் தின்றுகொண்டிருக்கிறது.

33ஆம் பிரிவு

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று. கிராமத்து வேலைகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிப்பது பற்றியது. தோட்டங்களில் குடியிருப்போர் அதற்குள் அடங்காதபடி அது எழுதப்பட்டிருந்தது. விளைவு என்ன? தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும், சபைத் தலைவர்களான தவிசாளர்களையும் தெரிவுசெய்தார்கள். ஆனால் அந்தத் தவிசாளர் தன் சொந்த லயத்துக்குப் போகும் பாதையில் சபைப் பணத்தில் ஒரு கூடை கல் கொட்டினால் கணக்காய்வில் கேள்வி வரும். "தோட்டம் கம்பனியின் பொறுப்பு" என்பதுதான் காரணம்.

2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பிரதேச சபைகள் தோட்டப் பகுதியிலும் செலவழிக்கலாம். அதே ஆண்டில் பெருந்தோட்டப் பகுதிக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் தலா ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைச் சுமந்துகொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பிரதேச சபைகள், அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகளோடு சேர்த்து ஆறாக ஆயின. இவை பெரிய வெற்றிகள். இதற்காக ஆண்டுக்கணக்கில் பேசியும் எழுதியும் வந்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பாருங்கள், சட்டம் கதவைத்தான் திறந்தது. பை நிறையவில்லை. செலவழிக்கவேண்டிய பரப்பும் மக்கள் தொகையும் ஒரே நாளில் பெருகின. அதற்கு ஈடாக வருமானம் பெருக ஒரு ஏற்பாடும் அதோடு வரவில்லை. சபைகளைப் பிரித்ததால் அலுவலகம் பக்கத்தில் வந்தது, நல்லது. ஆனால் பழைய சபையின் கடைத்தெரு வருமானமும் துண்டு துண்டாகத்தானே போகும்? பல பாதைகள் இன்னும் கம்பனியின் குத்தகை நிலத்திலேயே இருக்கின்றன; சபையின் பாதைப் பட்டியலில் ஏறவில்லை. செலவழிக்கலாம் என்பதற்கும் செலவழிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்பதற்கும் உள்ள தூரம் அதுதான்.

பாதை போட்டபிறகு

திட்டப் பணம் தீபாவளி முற்பணம் போன்றது. கை நிறைய வரும்போது வீடு கலகலப்பாக இருக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். ஒரு கொங்கிரீட் பாதை திறக்கப்படும் நாளில் மாலை, மேளம், பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. அதற்குப் பிந்திய ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பாதை ஒரு செலவுக் கணக்கைச் சபையின் தலையில் வைக்கிறது. அந்தக் கணக்கை யாரும் பெயர்ப்பலகையில் எழுதுவதில்லை.

மலைச்சரிவில் போட்ட ஒரு பாதை எப்படிச் சாகிறது என்று நின்று பார்த்தால் புரியும். முதலில் மேட்டுப் பக்கத்து வடிகானில் சருகும் மண்ணும் சேரும். தண்ணீர் போக வழியில்லாமல் கொங்கிரீட்டின் மேலாகப் பாயும். பள்ளத்துப் பக்க ஓரத்தில் விழுந்து அடிமண்ணை அரிக்கும். கொஞ்ச நாளில் கொங்கிரீட் பலகையின் ஓரம் அந்தரத்தில் தொங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் கொழுந்து லொறியோ விறகு ஏற்றிய டிராக்டரோ ஏறும்போது படார் என்று முறியும். தென்மேற்கு மழைக்கு முன்னால் இரண்டு பேர் மண்வெட்டியோடு போய் வடிகானை வெட்டிவிட்டிருந்தால் போதும். ஒரு பேச்சுக்கு, 1 கோடி ரூபாய்ப் பாதையைக் காப்பாற்ற ஆண்டுக்கு ஒரு லட்சம் தேவை என்று வையுங்கள். அந்த ஒரு கோடிக்கு அமைச்சு இருக்கிறது, திட்டம் இருக்கிறது, திறப்புவிழாவுக்கு ஆள் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு ஆள் இல்லை. பத்து வருடத்தில் மறுபடி ஒரு கோடி கேட்டு மனு எழுதுவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை எப்படிச் சிதைத்தது என்று நாம் கண்ணால் பார்த்தோம். அந்த அளவு மழையை எந்த வடிகானும் தாங்காது, உண்மைதான். அதனால் சாதாரண மழைக்கும் வடிகான் வேண்டாம் என்றாகிவிடாது. மண்சரிவு ஆபத்துள்ள மலையில் மழைநீரை ஒழுங்காக வழிவிடுவது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

அப்படியானால் எதை மாற்றவேண்டும்?

முதல் மாற்றம், சூத்திரப்படி பங்கு. மத்திய அரசிலிருந்து மாகாணத்துக்குப் பணம் பிரிக்க ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரைப்படி அமைந்த நிதி ஆணைக்குழு, மாகாணங்களின் சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கவேண்டிய தேவை ஆகியவற்றைப் பார்த்துப் பரிந்துரை செய்யவேண்டும். நல்ல கொள்கை. ஆனால் அந்தச் சூத்திரம் மாகாணத்தோடு நின்றுவிடுகிறது. மத்திய மாகாணத்தில் கண்டி மாநகரமும் இருக்கிறது, அக்கரப்பத்தனையும் இருக்கிறது. மாகாணத்துக்குள் வந்த பணம் எந்தச் சபைக்கு எவ்வளவு என்பதற்கும் அதே மாதிரி எழுதிவைத்த கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கில் எதை எதைச் சேர்ப்பது என்பதில்தான் நம் தலைவிதி இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று மட்டும் பிரித்தால் சமவெளிச் சபைக்கும் மலைச் சபைக்கும் ஒரே தொகை வரும். மலையில் ஒரு கிலோமீற்றர் பாதைக்குத் தாங்குசுவர் வேண்டும், வடிகான் வேண்டும், மதகு வேண்டும். ஆகவே சரிவுக்கு ஒரு புள்ளி, வறுமைக்கு ஒரு புள்ளி, சொந்த வருமானம் திரட்ட வழியில்லாமைக்கு ஒரு புள்ளி என்று சேர்க்கவேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டப் பகுதியில்தான் வாழ்ந்தார்கள். அவர்களை ஒரு தலையும் விடாமல் எண்ணிய கணக்காக அது இருக்கவேண்டும்.

இது கற்பனை இல்லை. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளூராட்சிகளுக்குப் போகும் என்று தீர்மானித்தார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பது மாநில வரவு செலவுத் திட்டத்தின் இணைப்பிலேயே அச்சாகிறது. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மூணாறுக்கும் அதில் ஒரு வரி உண்டு. யாரும் யாருடைய வாசலிலும் நிற்கத் தேவையில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அங்கே அபிவிருத்திக்கு ஒரு நிதி, பராமரிப்புக்குத் தனியாக ஒரு நிதி, பொதுச் செலவுக்கு இன்னொரு நிதி. நான் மேலே சொன்ன அந்த ஒரு லட்சத்துக்குத் தனிப்பெட்டி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நமக்கு உடனடியாக வேண்டிய சீர்திருத்தம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பராமரிப்புப் பெட்டியைத்தான் சொல்வேன். எல்லாக் கேரளக் கதைகளும் இங்கே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை, இது பொருந்தும்.

இரண்டாவது, நம் மண்ணிலிருந்து எடுக்கும் செல்வத்தில் நம் சபைக்குப் பங்கு. கம்பனிகள் கட்டும் குத்தகைப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி அந்தத் தோட்டம் இருக்கும் பிரதேச சபைக்கு என்று சட்டத்தில் எழுதலாமே. மின்சாரத்தையும் பாருங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், லக்சபான மின்நிலையங்களும், 2012இல் தொடங்கிய, 150 மெகாவாட் திறனுள்ள மேல் கொத்மலை நீர்மின் நிலையமும் நம் மலைகளில்தான் இருக்கின்றன. தலவாக்கலையில் மேல் கொத்மலைக்காக நிலமும் அருவிநீரும் கொடுத்தோம். இந்தியாவில் நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும். 2008 கொள்கை உள்ளூர் அபிவிருத்திக்கென்று மேலும் 1 சதவீதத்தைச் சேர்த்தது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் மலையில் உள்ள சபை, தன் தெருவிளக்கு பில்லுக்குத் திண்டாடக்கூடாது.

மூன்றாவது, காணியுரிமை. இந்திய உதவியிலும் அரச செலவிலும் கட்டிய தனி வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுக்கிறார்கள். உறுதிப்பத்திரம் ஒழுங்காகக் கையில் வந்து, அந்தக் குடியிருப்பு கிராமமாக அறிவிக்கப்பட்டால், நாளைக்கு அங்கே ஆதன வரி வரும். "இருக்கிற கஷ்டத்தில் வரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொகை சிறியதாக, வசதிக்கேற்றதாக இருக்கவேண்டும். ஆனால் வரி கட்டியவர் சபைக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் குரலே வேறு.

சபை முயற்சி செய்து வசூலைக் கூட்டினால் மேலிருந்து வரும் மானியத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குறைத்தால் எந்தச் சபையும் முயற்சி செய்யாது. உலக வங்கி உதவியோடு ஊவா உட்பட நாலு மாகாணங்களில் நடந்த உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்தில், அடிப்படைத் தொகை ஒன்றும் நன்றாகச் செயல்படும் சபைக்கு மேலதிகத் தொகையும் என்ற முறையைப் பின்பற்றினார்கள். அது ஒரு திட்டமாகவே முடியாமல் நிரந்தர விதியாகவேண்டும். ஊவாவில் செய்ததை நுவரெலியாவில் ஏன் செய்யமுடியாது?

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் ஆண்டின் பிற்பகுதியில்தான் கைக்கு வரும். டிசம்பர் 31க்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போகும். அதனால் மழையிலேயே கொங்கிரீட் போடுகிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை, சொன்ன திகதியில் விடுவித்தாலே வேலையின் தரம் பாதி கூடிவிடும்.

"சபையிடம் பணம் கொடுத்தால் களவு போகாதா?"

இதை எல்லாரும் கேட்கிறார்கள். சில இடங்களில் போயிருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் போதாமல் இருப்பதும் உண்மை. மதிப்பீடு போடவே ஆள் கிடைக்காத சபை பெரிய தொகையை எப்படிச் செலவழிக்கும்? ஆகவே பணத்தோடு ஆளும் வரவேண்டும், கணக்காய்வும் வரவேண்டும். ஆனால் கொழும்பில் முடிவெடுத்து மாவட்டம் வழியாக வரும் பணமும் அப்படியொன்றும் தூய்மையாக வந்து சேரவில்லை. வித்தியாசம் என்னவென்றால், பிரதேச சபை உறுப்பினர் நம் கடைத்தெருவில்தான் தேநீர் குடிக்கிறார். அவரை நிறுத்திக் கேட்கலாம். கம்பனி, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், புதிய கிராமங்கள் அதிகார சபை, அமைச்சு, பிரதேச சபை என்று ஐந்து பேர் ஒரு பாதைக்குப் பொறுப்பாக இருக்கும்வரை யாரையும் கேட்க முடியாது. எந்தப் பாதை யாருடையது என்ற பட்டியலை ஒவ்வொரு சபையும் மூன்று மொழியிலும் வெளியிட்டால், அந்தப் பெரியவர் சொன்ன கைகாட்டல் அன்றோடு முடிந்துவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு சபையும் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றவேண்டும். அதன் பிரதியைப் பாருங்கள். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. மூன்று இடத்தைத் தேடுங்கள்: சொந்த வருமானம் மொத்தத்தில் எவ்வளவு, சம்பளம் போக மூலதனச் செலவுக்கு எவ்வளவு, பாதை பராமரிப்பு என்று தனி வரி இருக்கிறதா. இருந்தால் அதில் தோட்டப் பாதைகள் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிரதி தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லவேண்டும். உங்கள் தோட்டத்துப் பாதையின் பெயரைக் குறிப்பிட்டு, அது சபையின் பட்டியலில் இருக்கிறதா, கடந்த மூன்று ஆண்டுகளில் அதன் பராமரிப்புக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். பட்டியலில் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பாதையைச் சபைக்குப் பாரம் கொடுக்கச் சொல்லிக் கம்பனிக்கும், பொறுப்பேற்கச் சொல்லிச் சபைக்கும் எழுதும் அடுத்த கடிதத்தோடு அதையும் இணைக்கவேண்டியிருக்கும்.